டிவியில் திருவையாறு

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்கு அம்மை போட்டு வீடே அல்லோலகல்லோலம். இப்போது தேவலை. என் முழங்கால்தான் அப்படியே இருக்கிறது, அதனால் இந்த வருஷம் திருவையாற்றுக்கு, தியாகராஜர் ஆராதனைக்குப் போகவில்லை. "டிவியிலாவது பார்த்தாயா?" என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். யாரிடமாவது கொட்டித் தீர்க்க வேண்டும், நீ அகப்பட்டாய்.

நாகஸ்வரம் முடிந்து, புல்லாங்குழலில் பைரவி ராக 'சேதுலாரா' தொடங்கியதுமே தொகுப்பாளரும் தொடங்கிவிட்டார். தியாகராஜர் 1847-ல் சித்தியடைந்தது, புஷ்ய பகுள பஞ்சமி, காவிரிக்கரை என்று எல்லாம் சரியான தகவல்தான். அதை முன்னாலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம் இல்லையா? அப்போது விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது!

அப்புறம் பஞ்சரத்தினம், எல்லாரும் சேர்ந்து பாடும் அவருடைய ஐந்து கீர்த்தனைகள். நாட்டை ராகத்தில் 'ஜகதானந்தகாரகா' எழும்போது நேரில் உட்கார்ந்திருந்தால் முதுகுத்தண்டில் ஏறுமே, அது வரவேயில்லை. மைக் எல்லாம் முன்வரிசைக்கு. நூற்றுக்கணக்கானவர்கள் பாடுகிறார்கள், எனக்குக் கேட்டது நாலைந்து குரல். அந்த நாலைந்தும் நல்ல குரல்கள்தான், அவர்களைச் சபாவில் டிக்கெட் வாங்கிக் கேட்டுக்கொள்ள மாட்டேனா? வித்வானும், பாட்டு கற்றுக்கொள்ளும் பொடிசும், ரிட்டயரான தலைமையாசிரியரும் எதிரெதிரே தரையில் உட்கார்ந்து ஒரே தாளத்தில் பாடுவதற்குத்தானடி திருவையாறு.

கேமராவும் அதே கதைதான். கௌளையில் 'துடுகு கல' பாடும்போது, தான் செய்த தப்பையெல்லாம் தியாகராஜர் ஒவ்வொன்றாகச் சொல்லி அழுகிறார். இங்கே திரையில் ஒரு பிரமுகர் பட்டுச்சேலையைச் சரிசெய்துகொண்டு சிரிக்கிறார். ஆரபியில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் கூட்டமே 'சமயானிகி' என்று ஒன்றாகத் திரும்பி வருமே, அந்தத் திருப்பத்தில் ஒரு தடவைகூடப் பந்தலை முழுதாகக் காட்டவில்லை. வராளிக்கு விளம்பர இடைவேளை. குரு சொல்லிக்கொடுத்தால் சிஷ்யனோடு மனஸ்தாபம் வரும் என்று பயந்து, பலபேர் கற்றுக்கொள்ளாமலே விட்ட ராகம். அந்த ராகத்து 'கனகன ருசிரா'வைக் கேட்கக் கிடைப்பதே அபூர்வம், அதன் நடுவில் சமையல் எண்ணெய்! கடைசியில் ஸ்ரீராகத்தில் எத்தனையோ மகான்களுக்கெல்லாம் வந்தனம் சொன்னார்கள். கேமரா வந்தனம் சொன்னது அதே பத்து முகங்களுக்கு.

இன்னொன்று. பெங்களூர் நாகரத்தினம்மாவை ஒரு நொடி காட்டினார்களா? தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவள். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்று இருந்த காலத்தில் சண்டை போட்டு இடம் வாங்கித் தந்தவள். அவர் சமாதிக்கு எதிரிலேயே அவளுக்கும் ஒரு சமாதி, கைகூப்பி உட்கார்ந்திருப்பாள். கேமராவைக் கொஞ்சம் திருப்பினால் போதும். நானும் நீயும் அந்தப் பந்தலில் வாய்விட்டுப் பாடினோமே, அவள் இல்லாவிட்டால் ஏது?

பஞ்சரத்தினம் முடிந்ததும் கடையைக் கட்டிவிட்டார்கள். மற்ற நேரமெல்லாம் ஒருவர் மாற்றி ஒருவர் சில நிமிஷங்களே பாடிவிட்டு இறங்குகிறார்களே, அதில் பெயரே கேள்விப்படாத பிள்ளைகள் எவ்வளவு நன்றாகப் பாடுவார்கள்! அதெல்லாம் டிவிக்கு ஆகாது போலிருக்கிறது.

நல்லவேளை, அண்ணன் மருமகள் போயிருந்தாள். பந்தலின் பின்பக்கம் உட்கார்ந்து செல்போனில் பதிவு செய்து அனுப்பினாள். காக்கை கத்துகிறது, ஒரு குழந்தை அழுகிறது, பக்கத்தில் ஒரு மாமி ஆரபியில் அரைத்தாளம் முந்திப் போகிறாள். ஆனால் அத்தனை குரலும் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், ஹெட்போன் போட்டுக்கொண்டு கேள். அந்த மாமி யார் என்று உனக்குத் தெரிந்தால் சொல், எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறது.

கண் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்களா? உடனே எழுது. வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய பாட்டுக்கிளாஸ் சிநேகிதி