ஏந்தல் என்ற பெயர் இருக்கட்டும்

அன்புள்ள பங்காளிக்கு,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு வருகிறேன் என்று சொன்ன ஆள் அதன் பிறகு வாயே திறக்கவில்லை. அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்கிறேன். இப்போது வேறு விஷயம், ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஊர்ப் பெயரை மாற்றப் போகிறார்களாம். ‘ஏந்தல்’ வேண்டாமாம், ‘நகர்’ என்று முடிய வேண்டுமாம். ஜனவரி 26 கிராமசபையில் தீர்மானம் போட இளவட்டங்கள் வீடு வீடாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். நண்டு வாத்தியார் பேரன்தான் முன்னால் நிற்கிறான். திட்டத்தான் கூப்பிட்டேன். “காலேஜ்ல ‘கையேந்துற ஊராடா?’ன்னு கேக்குறாய்ங்க பெரியப்பா” என்றான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. அதற்கு மேல் எங்கே திட்டுவது?

மேலக் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழிகிற தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்கிற இடமடா அது என்றேன். சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் ஏந்தல் என்று முடிகிற ஊர் எத்தனை இருக்கிறது! வருஷம் முழுக்க ஆறு ஓடாத மண்ணில், ஐப்பசி கார்த்திகையில் விழுகிற மழையைப் பிடித்து வைக்காதவன் எப்படிக் குடியிருப்பான்? அகராதியில் ஏந்தலுக்கு அரசன், பெருமையுடையவன் என்றும் போட்டிருக்கிறது. அதைக் காட்டியதும் போனில் படம் எடுத்துக்கொண்டான்.

நமக்கு ஊரின் முழுப்பெயரே ரேஷன் கார்டில்தானே? கண்டக்டர் “ஏந்தல் எறங்கு” என்பார். மானாமதுரைச் சொந்தமெல்லாம் என் ஆத்தாவை ‘ஏந்தல் சித்தி’ என்றுதான் கூப்பிட்டது. அவர் சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. மாயவரம் 1982இல் மயிலாடுதுறை ஆனது. பெரிசுகள் இன்னும் மாயவரம் என்றுதானே சொல்கிறார்கள்?

பெயரை மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை, பங்காளி. 2025 ஏப்ரலில் ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து எடுப்பதாக முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தாரே, அது எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஒருவரைத் தள்ளி வைப்பதற்காக ஒட்டிய பெயர் ஒழியத்தான் வேண்டும். நம் ஊர்ப் பெயர் யாரைத் தள்ளி வைத்தது?

என் பயம் வேறு. ஏந்தலுக்குள் இப்போது ஆள் நுழைய முடியாதபடி சீமைக்கருவேலம். மடைக்கல் ஒன்று சாய்ந்து கிடக்கிறது. வடக்குக் கரையை உடைத்து மண் அடித்து, மஞ்சள் பெயின்ட் பூசிய கல்லை வரிசையாக நட்டிருக்கிறார்கள். கேட்டால் பட்டா நிலம் என்கிறார்கள். பெயரும் போய்விட்டால் இன்னும் இருபது வருஷத்தில் இங்கே தண்ணீர் நின்றது என்று சொல்ல ஆள் இருக்காது. பையன்களிடம் இதைச் சொன்னேன். இரண்டு பேர் கையெழுத்து வாங்குவதை நிறுத்திவிட்டு என்னோடு கரையைப் பார்க்க வந்தார்கள்.

எந்த நிலம் என்ன வகை, யாருடையது என்று எழுதியிருக்கிற ‘அ’ பதிவேட்டின் நகலை வி.ஏ.ஓ.விடம் கேட்டிருக்கிறேன். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். உன் தாத்தா கிரயப் பத்திரம் டிரங்குப் பெட்டியில் இருக்குமே, அதில் நான்கு எல்லை எழுதிய பக்கத்தில் ‘ஏந்தல் கரைக்குக் கிழக்கு’ என்று வரும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து உடனே அனுப்பு. முடிந்தால் 26ஆம் தேதிக்கு நீயே பத்திரத்தோடு வந்துவிடு. நீ பேசினால் பையன்கள் கேட்பார்கள்.

அன்புடன்,
உன் பங்காளி