‘இசை’ என்று மட்டும் எழுதினால் போதுமா?

தமிழ்ப் படங்களை ஓடிடியில் வெளியிடும் நிறுவனங்களின் சப்டைட்டில் பிரிவினருக்கு,

வணக்கம். காது கேளாதவர்களுக்காக நீங்கள் போடும் வரிகளில், பின்னணி இசை வரும் இடமெல்லாம் ‘இசை’ என்ற ஒற்றைச் சொல்லோடு முடித்துக்கொள்கிறீர்கள். இது உங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு என்னால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பாவுக்கு வயதாக ஆகக் காது மங்கிப்போனது. கருவி மாட்டினால் பேச்சு ஓரளவு பிடிபடும். இசை வெறும் இரைச்சல்தான். அன்று ‘தளபதி’ பார்த்துக்கொண்டிருந்தோம். கோயில் காட்சி. தாயும் மகனும் ஒருவரையொருவர் அறியாமல் நிற்கிறார்கள். ரயில் கூவுகிறது. பெற்ற குழந்தையைச் சரக்கு ரயிலில் விட்டவள் அல்லவா, கல்யாணியின் முகம் மாறுகிறது. ‘சின்னத்தாயவள்’ மெட்டு எழுகிறது. இருவர் மனதிலும் ஓடுவதை இளையராஜாதான் நமக்குச் சொல்கிறார், வசனம் இல்லை. திரையின் அடியில் வந்தது: ‘இசை’.

அப்பா என் பக்கம் திரும்பி, “என்ன வாசிக்கிறாங்க?” என்றார். தாளில் பாட்டின் பெயரை எழுதிக் காட்டினேன். உடனே தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். 1991-இல் காது நன்றாக இருந்தபோது கேட்ட பாட்டு, உள்ளே அப்படியே இருக்கிறது. அவருக்குத் தேவைப்பட்டது பெயர் மட்டும்தான். அதற்குள் காட்சி போய்விட்டது.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: எந்த மெட்டு, எப்படி மாறி வருகிறது என்று எழுதுங்கள். ‘நாயகன்’ படத்தில் ‘தென்பாண்டிச் சீமையிலே’ திரும்பத் திரும்ப வரும். வேலு நாயக்கரின் வாழ்க்கை மாற மாற, அதே மெட்டு வேறு கனத்தோடு வந்து உட்காரும். எல்லாவற்றுக்கும் ‘இசை’ என்றே போட்டால், அது ஒரே மெட்டு என்பதுகூடக் கேளாதவருக்குத் தெரியாமல் போகிறதே!

ஆங்கிலத் தொடர்களில் இசை பதறுகிறதா, அழுகிறதா என்றெல்லாம் எழுதுகிறார்கள். தமிழுக்கு மட்டும் ஏன் இந்த அலட்சியம்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்தது. மின்னணு ஊடகங்களில் அவர்களுக்கான வசதிகள் வேண்டும் என்று அதன் 42-ஆம் பிரிவு சொல்கிறது. சந்தா வாங்கும்போது அப்பாவிடம் நீங்கள் பாதிக் கட்டணமா வாங்கினீர்கள்?

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆள் பற்றாக்குறை என்றால், பின்னணி இசையைக் காட்சி காட்சியாகப் பிரித்துச் சொல்லக்கூடிய ரசிகர்கள் தமிழில் நிறையப் பேர் இருக்கிறார்கள், கூலி கொடுத்து வேலைக்கு வையுங்கள். முதலில் பழைய படங்களில் மெட்டின் பெயரையாவது சேருங்கள். எப்போது தொடங்குவீர்கள் என்று தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவரின் மகள்