முருகைத் தொட்டிக்கு எந்த உயிருணவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

முருகைகள் வளரும் கடல்நீர்த் தொட்டிகளுக்கென விற்கப்படும் உயிருள்ள பிளாங்டன் (நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள்) உணவுகளை, அவற்றை உண்ணப்போகும் உயிரின் வாயளவைப் பார்த்தே தெரிவு செய்ய வேண்டும் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கடைகளில் பெரும்பாலும் முதலில் நீட்டப்படுவது பச்சைத் திரவப் போத்தலே. அதில் அடிக்கடி இருப்பது நனோகுளோரொப்சிஸ் எனப்படும், 2 முதல் 4 மைக்ரோன் (மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு) வரையான பாசி. முருகைகளுள் மிகப் பெரும்பாலானவை விலங்குப் பிளாங்டனைப் பிடித்துண்பவை என்பதால், இந்தப் பாசியிலிருந்து அவை நேரடியாகப் பெறுவது சொற்பம். சிப்பிகளும் குழாய்ப் புழுக்களும் இறாலுக்கு உறவான நுண்ணுயிர்களாகிய கோப்பிபொட்களும் அதனை உண்ணும். அவற்றுக்காக வாங்குவதில் தவறில்லை. முருகை வளரும் என நம்பி நாள்தோறும் ஊற்றினாலோ நைத்திரேற்றும் பொசுபேற்றும் ஏறி, கண்ணாடியில் வேண்டாத பாசிதான் படரும்.

ஆர்ட்டீமியா எனப்படும் சிற்றிறாலின் முட்டைகள் ஏறத்தாழ 28 பாகை வெப்பத்தில் ஒரு நாளுக்குள் பொரிப்பதால் கொழும்பு வீடுகளில் சூடாக்கி பெரும்பாலும் தேவைப்படாது. அரை மில்லிமீற்றருக்குக் கிட்டிய அந்தக் குஞ்சுகள் பெரிய வாயுள்ள முருகைகளுக்கு ஏற்றவை. ஆயினும் பொரித்த சில மணித்தியாலங்களில் மஞ்சட்கரு கரைந்து சத்துக் குறையத் தொடங்குவதாலும், டி.எச்.ஏ. என்னும் கொழுப்பமிலம் அவற்றில் இயல்பாகவே குறைவென்பதாலும், அவற்றை மட்டும் நம்பியிருப்பது போதாது. முட்டைக் கோதுகளைப் பிரித்த பின்னரே தொட்டியில் இட வேண்டும்.

அந்தக் கொழுப்பமிலம் கூடுதலாக உள்ளவை கோப்பிபொட்கள். டிஸ்பே போன்ற கோப்பிபொட் இனங்கள் கற்களிடையே தாமே பெருகுவதால், உறைந்த உணவைத் தொடாத மன்டரின் மீனுக்கும் அவையே கைகொடுக்கும். நம் வெப்பத்தைத் தாங்கும் இனங்களைக் கேட்டு வாங்குவதே நன்று. ரொட்டிபர்கள் எனப்படும் இன்னும் நுண்ணிய விலங்குப் பிளாங்டன்கள் மீன்குஞ்சு வளர்ப்போருக்கும் மிகச் சிறிய வாயுள்ள முருகைகளுக்கும் உரியவை. நாள்தோறும் பாசி ஊட்டித் தூய்மையும் பேணாவிடில் அவற்றின் வளர்ப்பு ஒரே இரவில் அழிந்துவிடலாம்.

வெள்ளவத்தைக் கரையில் வலை வீசிப் பிடித்தால் செலவில்லையே என்பாரும் உண்டு. வாய்க்கால் நீர் கலக்கும் அந்தக் கடலிலிருந்து ஒட்டுண்ணிகளும் முருகைகளைக் கொட்டும் சிற்றுயிர்களாகிய ஹைட்ராய்டுகளும் வரக்கூடும். 2021 இல் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் சிந்திய பிளாஸ்டிக் மணிகளையும் மறப்பதற்கில்லை. மலிவு என்பதற்காக இதை என்னால் ஒப்ப முடியாது.

விற்பனையாளர்கள் ஒவ்வொரு போத்தலிலும் இனத்தின் பெயரையும் நிரப்பிய திகதியையும் தமிழிலும் சிங்களத்திலும் குறிப்பிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.