தலவாக்கலையில ரதி, கோத்தகிரியில மதன்

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

தலவாக்கலைக்கு பக்கத்துல ஒரு தோட்டத்துல இருந்து எழுதுறேன். எங்க அப்பா காமன் கூத்து வாத்தியார். காமன்னா மதன்தான்; சிவனோட தவத்த கலைக்கப் போயி எரிஞ்சு போற அவரும், போகாதீங்கனு தடுக்கிற பொஞ்சாதி ரதியும், இதுதான் கூத்தோட கதை. வாலிப வயசுல அவருதான் ரதி வேஷம் கட்டுவாரு, பெரியப்பா மதன். 1972ல பெரியப்பா குடும்பத்துக்கு இந்தியாவுக்குனு பேர் வந்து, கோச்சி ஏறி தலைமன்னார் போயி அங்கேருந்து கப்பல்ல போயிட்டாங்க. அதுக்கு அடுத்த மாசியில மதனுக்கு ஆள் இல்லாம வேற டிவிசன்ல இருந்து ஒருத்தர கூட்டிட்டு வந்தாங்களாம், ரதி அன்னைக்கு அழுதது வேஷத்துக்காக அழுதது இல்லனு அம்மா இப்பவும் சொல்லும்.

எங்க வீட்டுக் கதை மட்டுமா இது. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல எங்கள மாதிரி இந்திய வம்சாவளி ஆளுங்கள 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் அங்க, 3 லட்சம் பேர் இங்கனு பிரிச்சாங்க, மிச்சம் இருந்த ஒன்றரை லட்சம் பேரையும் 1974ல பாதி பாதியா பிரிச்சாங்க. அப்படிப் போனவங்களுக்கு வேல குடுக்கத்தான் நீலகிரியில டேன்டீங்கிற தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்கள் வந்துச்சு, கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர் பக்கம் இன்னைக்கும் போனா அட்டன், பதுளைனு ஊர் பேர் சொல்ற கிழவிங்க இருக்காங்க. பெரியப்பா இப்ப இல்ல. ஆனா மதன் பாட்டு பூராவையும் மகனுக்கு சொல்லிக் குடுத்துட்டுதான் கண்ண மூடினாரு. அந்த அண்ணனும் நானும் ஃபோன்ல பேசிப் பேசி இப்ப ஒரு முடிவுக்கு வந்திருக்கோம், வர்ற மாசியில இங்க ஒரு மேடை, கோத்தகிரியில ஒரு மேடை, ரெண்டையும் இண்டர்நெட்டால இணைச்சு ஒரே கூத்து. ரதி இங்க, மதன் அங்க.

இத கேள்விப்பட்டவங்க நல்ல மனசோட ரெண்டு யோசனை சொன்னாங்க. ஒண்ணு, கொழும்புல நல்ல ஹோல் எடுத்து செய்யுங்க, லைன் கிளியரா இருக்கும்னு. இன்னொண்ணு, அந்தப் பக்கத்து ஆட்டத்த முன்னாடியே வீடியோ எடுத்து ஸ்க்ரீன்ல ஓட விட்டுருங்க, யாருக்கும் தெரியாதுனு. ரெண்டும் வேணாம்னு சொல்லத்தான் இந்தக் கடிதம். கொழும்புக்கு பஸ் புடிச்சுப் போயி பாக்க முடியாதவங்களுக்காகத்தான் இதையே செய்யுறோம். வீடியோவ ஓட விட்டா ரதி "போகாதீங்க"னு கையப் புடிச்சு கெஞ்சுறப்ப மதன் நின்னு யோசிக்க மாட்டாரு, எடுத்த எடுப்புலயே போயிட்டே இருப்பாரு. அந்த ஒரு நிமிசம் நிக்கிறதுலதானே கூத்தே இருக்கு.

ஆனா இதுல உள்ள கஷ்டம் என்னனு மொத ஒத்திகையில புரிஞ்சுச்சு. நான் இங்க கை தட்டுறேன், சத்தம் கேட்ட உடனே அண்ணன் அங்க கை தட்டணும், அது திரும்பி எனக்கு கேக்கணும். கிட்டத்தட்ட அரை செக்கன் ஆச்சு! தூரம்தான் காரணம்னு நெனச்சேன், அது இல்ல. நேர்கோடு போட்டா ரெண்டு ஊருக்கும் நடுவுல ஏறத்தாழ 650 கிலோமீட்டர்தான், கண்ணாடி இழை கேபிள்ல வெளிச்சம் ஒரு செக்கனுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும், அப்ப 3 மில்லி செக்கன்லயே போயிரணும். தூத்துக்குடிக்கும் கொழும்பு பக்கத்து கல்கிசைக்கும் 2006ல கடலடி கேபிள் போட்டாங்க, இருந்தும் நம்ம டேட்டா அப்படி நேர் வழியாத்தான் போகும்னு இல்ல, எந்த வழியில அனுப்புறாங்களோ அப்படி சுத்திட்டுப் போகும். அதோட படத்த சுருக்கி அனுப்பவும் அந்தப் பக்கம் விரிக்கவும், விட்டு விட்டு வர்றத சேத்து வச்சு ஒழுங்கா காட்டவும்தான் நெறைய நேரம் போகுது.

இது நம்மளுக்குப் புதுசு இல்ல ஐயா. எதிர் மலை லயத்துல, அதான் தோட்டத்து வீட்டு வரிசையில, சாவு வீட்டுக்கு தப்பு மேளம் அடிச்சா கை எறங்குறது மொதல்ல தெரியும், சத்தம் பின்னாலதான் வரும். 343 மீட்டருக்கு ஒரு செக்கன். ஒரே களத்துல 10 மீட்டர் தள்ளி நிக்கிறவரு தப்பு நம்ம காதுக்கு வர்ற நேரம் சுமார் 30 மில்லி செக்கன், அதுக்கு மேல போனா சேந்து அடிக்கிறவங்க ஒருத்தருக்கு ஒருத்தர் காத்துக்கிட்டு தாளம் இழுத்துரும். ரெண்டு மேடையிலயும் ஒரே நேரத்துல தப்பு அடிச்சுப் பாத்தோம், ரெண்டு அடியிலயே அப்பா கைய நிறுத்திட்டாரு.

அப்பாதான் வழியும் சொன்னாரு. ஒரு கட்டத்துக்கு ஒரு பக்கம்தான் தப்பு. மதன் ஆடுறப்ப கோத்தகிரி செட்டு அடிக்கட்டும், நாங்க பாத்துக்கிட்டு இருப்போம், பாட்டும் அடியும் ஒரே இடத்துல இருந்து கெளம்புறதால எங்களுக்கு லேட்டா வந்தாலும் சேந்துதான் வரும். ரதி ஆடுறப்ப எங்க செட்டு. ரெண்டு பேரும் பேசுற எடத்துல தப்பே கெடையாது. அப்புறம் லாவணி. காமன் எரிஞ்சான்னு ஒரு கட்சி, எரியலன்னு ஒரு கட்சி, கேள்வி போட்டுட்டு பதிலுக்கு காத்திருக்கிற பாட்டு அது, அரை செக்கன் தாமதத்த அது தின்னுட்டுப் போயிரும். எரிஞ்ச கட்சி இங்க, எரியாத கட்சி அங்க. கோத்தகிரி காரங்க எரியலனு பாடுறத கேட்டப்ப எனக்கு ஒடம்பு சிலுத்துருச்சு.

1977லயே கிட் கேலோவே, ஷெரி ராபினோவிட்ஸ்னு ரெண்டு கலைஞர்கள் நாசாவோட செய்மதி மூலமா அமெரிக்காவுல ரெண்டு கரையிலயும் இருந்த டான்ஸ் ஆடுறவங்கள ஒரே படத்துல சேத்திருக்காங்க. அவங்களுக்கும் இதே தாமதம்தான், அதோடயே ஆடிப் பழகியிருக்காங்க. தாமதத்த ஒழிச்சுட்டு நாடகம் போடுவோம்னு காத்திருந்தா நம்ம வயசுல நடக்காது, தாமதத்துக்கு ஏத்த மாதிரி கூத்த அடுக்குறதுதான் வேல.

இதே மாதிரி செய்ய நெனைக்கிறவங்களுக்கு எங்களுக்கு பட்டுத் தெரிஞ்சத சொல்லிடுறேன். வீடியோ கோல் ஆப்கள் பேச்சுக்காக செஞ்சது, தப்பு சத்தத்த இரைச்சல்னு நெனச்சு அமுக்கிரும், செட்டிங்ல ஒரிஜினல் சவுண்ட போட்டாத்தான் தோல் சத்தம் வரும். வைஃபைய நம்பாம வயர்ல குடுங்க. படம் ஓரளவு தெளிவா போக செக்கனுக்கு 3 மெகாபிட் அப்லோட் வேகம் வேணும், டவுன்லோட் எவ்வளவு இருந்தாலும் அதுக்கு ஒதவாது. கரண்ட் போனாலோ லைன் அறுந்தாலோ கோமாளி உள்ள வந்துருவாரு, லைன் திரும்புற வரைக்கும் களம் அவரு கையில, ரெண்டு பக்கமும் ஒரு கோமாளி தயாரா நிப்பாரு. நேரத்துல குழப்பம் இல்ல, 2006 ஏப்ரல்ல இருந்து நம்ம மணியும் இந்தியா மணியும் ஒண்ணுதான்.

பெரியவங்க ஒரு விசயத்துல மொகம் சுளிச்சாங்க, அது நியாயம்தான். காமன் கூத்து வெறும் நாடகம் இல்ல, வேண்டுதல். மாசி அமாவாசை கழிஞ்சு மூணாம் பிறை பாத்து கம்பம் ஊண்டி விரதம் இருந்து செய்யுறது. அதனால கம்பம், பூசை, தகனம் எதையும் ஸ்க்ரீனுக்காக மாத்தலனு பேசி முடிவு பண்ணியிருக்கோம், தகனத்தப்ப கேமராவ அணைச்சுருவோம். ரதி மதன் சந்திப்பு, தூது, லாவணி, இது மட்டும்தான் ரெண்டு மேடைக்கும் சேந்து நடக்கும்.

ஐயா, உங்க பேப்பர் ரெண்டு மூணு தலைமுறையா லயத்துக்கு லயம் போகுது. பழைய கொப்பியில ரதி பாட்டோ லாவணிப் பாட்டோ எழுதி வச்சிருக்கிறவங்க அத உங்க காரியாலயத்துக்கு அனுப்பினா வாங்கி எங்களுக்கு சேத்துக் குடுப்பீங்களா? கூடலூர், பந்தலூர் பக்கம் சொந்தக்காரங்க உள்ளவங்களும் எழுதட்டும், அங்க தப்பு அடிக்க இன்னும் மூணு பேர் தேவப்படுது. அடுத்த ஒத்திகை சம்பளத்துக்கு அடுத்த ஞாயித்துக்கிழம சாயந்திரம், மாரியம்மன் கோயில் முன்னால, காலையில வேலைக்கு பேர் கூப்பிடுற பெரட்டுக்களத்துல. அப்பா ரதி பாட்ட ஒரு பொண்ணுக்கு சொல்லிக் குடுக்கிறாரு, எங்க தோட்டத்துல ரதிய ஒரு பொண்ணு கட்டுறது இதுதான் மொத தடவ.

இப்படிக்கு,
ஒரு கூத்து வாத்தியார் மகள்,
தலவாக்கலை.