வீட்டு மின்சாரமும் வெளி வெப்பநிலையும்: ஆறு வாரப் பதிவு குறித்துப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் அடுத்த ஆறு வாரங்கள், தங்கள் வீட்டு மின் பயன்பாட்டையும் வெளி வெப்பநிலையையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யப் போகிறார்கள். நாளுக்கு 144 வரிகள் சேரும். அளவுகளைத் தானாகப் பதிவு செய்யும் கருவியான லாகரைப் பள்ளி தரும். அதைப் பொருத்தும் நாளில் பெரியவர் ஒருவர் கட்டாயம் உடனிருக்க வேண்டும்.

மீட்டரின் மூடியைத் திறக்கவோ வயரைத் தொடவோ தேவையே இல்லை. அதன் முகப்பில் சின்ன விளக்கு ஒன்று விட்டுவிட்டு மினுங்கும். எங்கள் ஒளி சென்சார் அந்த மினுங்கலை மட்டும் எண்ணும். எத்தனை முறை மினுங்கினால் ஒரு யூனிட் என்பது விளக்கருகிலேயே அச்சிட்டிருக்கும். அது 3200 என்றால், பத்து நிமிடத்தில் 160 மினுங்கல் என்பது 0.05 யூனிட், அதாவது அப்போது வீடு சராசரியாக 300 வாட் இழுத்திருக்கிறது. சில மீட்டர்களில் 1000 என்றோ 1600 என்றோ இருக்கும். தவறான எண்ணைப் போட்டால் மொத்தக் கணக்கும் மடங்குக் கணக்கில் பிசகும் என்பதால், மீட்டர் முகப்பைப் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.

சென்சாரைச் சுற்றிக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை இடைவெளியின்றி ஒட்டுங்கள். வெளிச்சம் புகுந்தால் பகல் எண்ணிக்கை மட்டும் குழம்பும். இரவு சரியாக இருப்பதால் தவறு கண்ணில் படாது. வாரம் ஒருமுறை மீட்டர் ரீடிங்கை நேரத்தோடு குறித்து, லாகர் கணக்கோடு ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

வெப்பநிலை சென்சாருக்கு இடம்தான் எல்லாம். நாள் முழுக்க நிழல், நல்ல காற்றோட்டம், தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர் உயரம். வெயில் பட்டால் அது காற்றின் சூட்டைச் சொல்லாது, தன் சூட்டைத்தான் சொல்லும். ஏசியின் வெளி யூனிட், சமையலறைப் புகைபோக்கி, வெயில் காயும் சுவர் ஆகியவற்றின் அருகில் வேண்டாம். நாங்கள் தருவது டிஎஸ்18பி20 சென்சார். அரை டிகிரி வரை கூடக்குறையக் காட்டலாம், அது இயல்பு. ஆனால் திடீரென 85 டிகிரி வந்தால் அது வெயில் அல்ல. மின்சாரம் கிடைத்ததும் சென்சார் நினைவில் இருக்கும் தொடக்க எண் அது. அளந்து முடிக்கும் முன் படித்தால் அதுவே பதிவாகும். மைனஸ் 127 என்றால் பெரும்பாலும் இணைப்பு கழன்றிருக்கும். இரண்டையும் அழிக்காதீர்கள், பிழை என்று குறித்தால் போதும்.

லாகருக்குப் பவர் பேங்க் சரிப்படாது: இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் பல பவர் பேங்குகள் தாமே அணைந்துவிடும். செல்போன் சார்ஜர் போதும். கரண்ட் போனால் அந்த நேரம் வெற்றிடமாகவே இருக்கட்டும். பிள்ளைகள் ஊகித்து நிரப்பக் கூடாது. சுவர் மெதுவாகச் சூடேறுவதால் மின் பயன்பாட்டின் உச்சம் வெயிலின் உச்சத்துக்குச் சில மணி பிந்தி வரலாம். ஆகவே வகுப்பில் முதலில் நாள் சராசரிகளைத்தான் ஒப்பிடுவோம்.

பதிவு நடக்கிறதே என்று மின்விசிறியை நிறுத்திப் புழுக்கத்தில் இருக்க வேண்டாம். வழக்கமான நாள்தான் எங்களுக்கு வேண்டும். விருந்தினர் வந்தால், ஊருக்குப் போனால் அந்தத் தேதியை மட்டும் நோட்டில் குறியுங்கள்.

ஒரு வீடு எப்போது பூட்டிக் கிடந்தது என்பதை இந்தப் பதிவிலிருந்து வரையும் வரைபடமே காட்டிக்கொடுக்கும். அதனால் கோப்புகளில் பெயர் இராது, எண் மட்டுமே இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் தயவுசெய்து பகிராதீர்கள். விருப்பமில்லாத வீடுகள் தாராளமாக மறுக்கலாம். அந்த மாணவர்கள் பள்ளி மீட்டரைப் பதிவு செய்வார்கள், மதிப்பெண் குறையாது.

ஒப்புதல் படிவத்தை வெள்ளிக்கிழமைக்குள் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்