அந்தப் பகோடாக் கோபுரம் யென்ச்சிங்கினுடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெய்ஜிங் பல்கலைக்கழக வளாகம் பற்றிய தங்கள் கட்டுரை, அப்பல்கலைக்கழகத்தையே அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியதாகச் சொல்கிறது. அது பிழை. பெய்ஜிங் பல்கலைக்கழகத்தை 1898-இல் தொடங்கியது, அப்போது சீனாவை ஆண்ட சிங் வம்ச அரசு. மிஷனரிகள் கட்டியது, 1952-இல் அது குடியேறிய வளாகத்தை. அங்கே அதற்கு முன் இருந்தது யென்ச்சிங் பல்கலைக்கழகம்.

குழப்பத்தில் பெயருக்கும் பங்குண்டு. மெதடிஸ்ட் சபை பெய்ஜிங்கில் நடத்திய கல்லூரிக்கு ஆங்கிலத்தில் ‘பீக்கிங் யுனிவர்சிட்டி’ என்றே பெயர், சீனத்தில் ஹுய்வென். அதையும் பெய்ஜிங்கை அடுத்த துங்சோவில் இருந்த மிஷன் கல்லூரியையும் இணைத்தபோது, ஒருவர் பெயரை மற்றவர் ஏற்கவில்லை. 1919-இல் தலைவராக வந்த ஜான் லெய்ட்டன் ஸ்டூவர்ட் முதலில் தீர்க்க வேண்டியிருந்தது இந்தச் சண்டையைத்தான். கடைசியில் இரண்டும் இல்லாமல், பெய்ஜிங்கின் பழம்பெயரான யென்ச்சிங் நிலைத்தது. 1920-இல் பெண்கள் கல்லூரியும் சேர்ந்தது. எனவே அக்கால மிஷன் கடிதங்களில் ‘பீக்கிங் யுனிவர்சிட்டி’ என்றிருந்தால், அது அரசுப் பல்கலைக்கழகம்தானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்க்க வேண்டும்.

தாங்கள் படம் போட்டிருக்கும் ‘பழங்காலக் கோயில் கோபுரம்’ கோயிலே அல்ல, தண்ணீர்த் தொட்டி! 1924-இல் எழுப்பியது, 13 அடுக்கு, 37 மீட்டர். வெறும் தொட்டி ஏரிக்கரை அழகைக் கெடுக்கும் என்று, துங்சோவின் பழைய பகோடாவை (பௌத்த அடுக்குக் கோபுரத்தை) பார்த்து அந்த வடிவம் கொடுத்தார்கள். வளாகத்தை வரைந்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஹென்றி மர்ஃபி. மேலே சீனக் கூரை, உள்ளே கான்கிரீட். நிர்வாகக் கட்டடத்தின் முன் நிற்கும் இரு பளிங்குத் தூண்கள்தான் உண்மையில் பழையவை. யுவான்மிங்யுவான் என்ற பழைய அரண்மனைத் தோட்டத்தின் இடிபாடுகளிலிருந்து வந்தவை. உற்றுப் பார்த்தால் ஒன்று பருமன், மற்றது மெலிவு. கொண்டுவந்தபோது ஜோடி மாறிவிட்டது. இவற்றின் இணைகள் பெய்ஜிங்கின் பழைய தேசிய நூலக வாசலில் நிற்கின்றன.

யென்ச்சிங்கைப் பற்றித் தங்கள் கட்டுரையில் வரும் ‘மதம் பரப்பும் கூடம்’ என்ற வரியும் முழு உண்மையல்ல. 1920களிலேயே வழிபாடும் சமயப் பாடமும் மாணவர் விருப்பத்துக்கு விடப்பட்டன. அரசுப் பதிவுக்குச் சீனர் ஒருவர் தலைமையில் இருக்க வேண்டும் என்பதால் 1929-இல் வூ லெய்ச்சுவான் தலைவரானார். ஆனாலும் பணமும் அதிகாரமும் பெரும்பாலும் ஸ்டூவர்ட் கையில்தான் இருந்தன என்பதையும் மறைக்கக் கூடாது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை பல்கலைக்கழகத்தை மூடியது. ஸ்டூவர்ட் போர் முடியும்வரை காவலில் இருந்தார்; ஆசிரியர்களும் மாணவர்களும் 1942-இல் தென்மேற்குச் சீனாவின் செங்து நகரில் மீண்டும் வகுப்பு தொடங்கினர். 1951-இல் அரசுடைமை, மறு ஆண்டே கலைப்பு. பொறியியல் துறைகள் சிங்ஹுவா பல்கலைக்கழகத்துக்கும், கலை, அறிவியல் துறைகள் பெய்ஜிங் பல்கலைக்கழகத்துக்கும் போயின. நகருக்குள் ஷாத்தானில் இருந்த பெய்ஜிங் பல்கலைக்கழகம் இந்த வளாகத்துக்கு இடம் மாறியது.

கட்டுரை முழுவதையும் திருத்த இயலாவிட்டாலும், படத்தின் கீழுள்ள குறிப்பையாவது திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை