தோமா நூல்களுக்குத் தமிழில் ஆய்வுப் பதிப்பு தேவை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவிலியத்தில் சேராத பழங்கிறிஸ்தவ நூல்கள் என்றாலே ‘மறைக்கப்பட்ட ரகசியம்’ என்று பரபரப்பாக எழுதுகிறார்கள். வருத்தமாக இருக்கிறது. இயேசுவின் சீடர் தோமாவைப் பற்றியது, 3ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் ‘தோமாவின் பணிகள்’ என்ற நூல். அது இந்தியாவைக் கதைக்களமாகக் கொண்டது. அரண்மனை கட்ட கோண்டபாரஸ் மன்னன் தந்த பணத்தைத் தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறார்; அரண்மனை விண்ணுலகில் எழுந்திருக்கிறது என்கிறார். எவ்வளவு அழகான கதை! அதை அப்படியே வரலாறாகக் கொள்ள முடியாது. ஆனால் அந்தப் பெயருடைய அரசன் வடமேற்கில் ஆண்டதற்கு நாணயங்கள் சான்று. 1945இல் எகிப்தின் நாக் அம்மாதி அருகே கிடைத்த, இயேசுவின் 114 கூற்றுகள் கொண்ட ‘தோமா நற்செய்தி’ முற்றிலும் வேறு நூல். இரண்டையும் ஒன்றென நினைப்பவர்கள் உண்டு.

சிரியம், கிரேக்கம், காப்டிக் (பழைய எகிப்திய மொழி) ஆகிய மொழிகளை அறிந்தவர்களைக் கொண்டு மூலத்திலிருந்தே பெயர்த்து, பாடவேறுபாடுகளும் (கையெழுத்துப் படிகளுக்கிடையே உள்ள சொல் வேறுபாடுகள்) அடிக்குறிப்புகளும் சேர்த்து, மாணவர் வாங்கக்கூடிய விலையில் இவற்றை வெளியிட வேண்டும். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டது நம் தரங்கம்பாடி. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இறையியல் கல்லூரிகளும் இணைந்து இப்பணியை ஏற்க வேண்டுகிறேன்.

– வாசகர், பொறையாறு